டவாலி கொடுத்த தண்டனை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நன்றி சொல்லும் கட்டுரை இல்லை. 'அன்று அவர் கண்டிப்பாக இருந்தார், அதனால்தான் இன்று நான் நன்றாக இருக்கிறேன்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆள் கண்டிப்பாக இருந்தார். நானும் இன்று நன்றாகத்தான் இருக்கிறேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஓசூரில் எங்கள் ஹாஸ்டல் வார்டன் அவர். ஹாஸ்டல் என்று பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், லேபர் காண்ட்ராக்டர் வாடகைக்கு எடுத்த மாடிக் கட்டடம். கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்டில் வேலை செய்யும் பையன்களையும், என்னைப் போல் பர்கூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்ரண்டிஸாக வந்து சேர்ந்த மேதைகளையும் அதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள். எங்களைக் காவல் காக்க இவர்.

இதற்கு முன்னால் அவர் கிருஷ்ணகிரி கோர்ட்டில் டவாலி. மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை, ஜட்ஜ் அறை வாசலில் நின்று கட்சிக்காரர் பெயரை மூன்று தடவை கூவுவார்களே, அந்த வேலை. ரிட்டயர் ஆகி வந்தும் பட்டை போன இடம் அவருக்கு அரித்துக்கொண்டே இருந்தது போல. பேசும்போதெல்லாம் வலது கை மார்புக்குப் போய் இல்லாத வில்லையைச் சரி செய்யும். முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'டவாலி'. நாங்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்த மரியாதை அவருக்கு வேண்டாம்.

குரலை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். என்ன தொண்டை அது! கீழ் வாசலில் நின்று கூப்பிட்டால் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவன் துணியைக் கீழே போட்டுவிடுவான். ஒரே பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். முதல் தடவை சாதாரணமாக, இரண்டாவது தடவை இழுத்து, மூன்றாவது தடவை வெட்டி. மூன்றாவது முடிவதற்குள் எதிரில் போய் நிற்க வேண்டும். லெட்டர் வந்தாலும் அப்படித்தான், சாப்பாடு மீந்தாலும் அப்படித்தான். எதிர்ச் சந்துப் பெட்டிக்கடைக்காரர் எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லி அழைப்பார். நாங்கள் யாரும் அவரிடம் பெயர் சொன்னதே இல்லை.

அந்த ஆளின் வாயில் ஒரு வார்த்தை குடியிருந்தது. தண்டனை. மற்ற வார்டன்கள் ரூல்ஸ் என்பார்கள், ஃபைன் என்பார்கள், வார்னிங் என்பார்கள். இவருக்கு அதெல்லாம் கேவலம்.

"ஃபைன் போட்றவன் பிச்சைக்காரன். உங்க காசு எனக்கு எதுக்கு? என்கிட்ட அபராதம் கெடையாது. தண்டனை மட்டுந்தான்" என்பார் பெருமையாக.

அதிலும் ரகம் பிரித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வெளியே போகக் கூடாது, ரூமிலேயே கிட என்றால் மெய்க்காவல். ரூமிலும் கிடக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியும் கழுவ வேண்டும் என்றால் கடுங்காவல். மெஸ்ஸில் உப்புமாவைக் கொட்டியதற்கு ஒன்று, கொட்டியதை மிதித்துக்கொண்டு நடந்ததற்கு ஒன்று என்று ஒரே நாளில் ஒருவனுக்கு இரண்டு கிடைத்தது. நாங்கள் பாவம் என்று பார்த்தால், டவாலி மார்பைத் தடவிக்கொண்டு, "ஏக காலத்தில் அனுபவிக்கணும்" என்று அறிவித்தார். கோர்ட் பாஷையில் இரண்டு தண்டனையும் ஒன்றாகவே ஓடி முடிந்துவிடும் என்று அர்த்தமாம். சலுகை காட்டினாராம். உப்புமாவுக்கு.

எனக்கு இந்த வார்த்தையோடு பழைய பகை உண்டு. படித்து முடித்து வேலை கிடைக்காமல் கிருஷ்ணகிரியில் வீட்டில் இருந்த நாட்களில் எங்கள் அப்பா என்னை வேறு பெயரில் கூப்பிட்டதே இல்லை. தெண்டச்சோறு. கட்டிய ஃபீஸும் தெண்டம், வாங்கிய பைக்கும் தெண்டம், பைக்கில் உட்கார்ந்திருக்கும் நானும் தெண்டம். அதிலிருந்து தப்பித்து ஓசூருக்கு வந்தால், இங்கே அதே வார்த்தை படித்துப் பட்டம் வாங்கி, பின்னால் ஒரு 'னை' சேர்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறது.

வந்த புதிதிலேயே எனக்கு ஒன்று விழுந்தது. ஈரத் துண்டை ஜன்னலில் போட்டேன் என்று.

"சார், துண்டு காய வேணாமா?"

"காயலாம். அதுக்கு மாடி இருக்குது. மெய்க்காவல், வர்ற ஞாயிறு."

"துண்டுக்கா சார் ஜெயிலு? அதுக்குன்னு ஒரு அளவு இல்லையா?"

"வலிச்சாத்தான்டா அது தண்டனை. வலிக்கலன்னா அதுக்குப் பேரு அறிவுரை. அறிவுரை வேணும்னா உங்கப்பாகிட்ட போ."

அப்பாவை இழுத்தவுடன் எனக்கு ஏறிவிட்டது. "இது ஹாஸ்டலா, சென்ட்ரல் ஜெயிலா?" என்று கேட்டேன். நன்றாகப் பல் தெரியச் சிரித்தார். "எதிர்த்துப் பேசுனதுக்குக் கடுங்காவலா மாத்தறன்" என்றார். தொட்டி கழுவினேன். உள்ளே செத்த ஓணான் இருந்தது. அந்தத் தண்ணீரில்தான் அத்தனை நாளும் பல் விளக்கியிருக்கிறேன்.

எனக்கு அந்த ஆளிடம் அதிகமாகக் குமட்டியது தண்டனைகூட இல்லை. தண்டனை முடிந்த மறுநாள் அவர் செய்யும் காரியம். காலையில் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். போனால், கையைப் பிடித்து எதிர்க்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் டீயும் பன்னும் வாங்கிக் கொடுப்பார். "முடிஞ்சுது. இனிமே நீ சுத்தம். என் மனசுல ஒண்ணும் இல்ல" என்பார். பையன்கள் எல்லோரும் வாங்கிக் குடித்தார்கள். சிலர் 'என்ன இருந்தாலும் நல்ல மனுசன்டா' என்றுகூடச் சொன்னார்கள். அடிப்பது அவர், மருந்து போடுவது அவர், கடைசியில் நன்றி வாங்கிக்கொள்வதும் அவர். நான் அந்த டீயைத் தொடவில்லை. "அசிடிட்டி சார்" என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது. அதைப் பார்க்க நன்றாக இருந்தது.

நாள் ஆக ஆக அந்த வார்த்தை எங்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது. நைட் ஷிஃப்ட் என்றால் ஆயுள் தண்டனை. மெஸ் சாம்பார் கடுங்காவல். காதலி மெசேஜைப் படித்துவிட்டுப் பதில் போடவில்லை என்றால், "மச்சான், மெய்க்காவல்ல இருக்கன்." ஊருக்கு போன் பேசும்போது ஒருவன் அம்மாவிடமே, "இந்த வாரம் வர முடியாதும்மா, தண்டனை" என்று சொல்லி, அந்தம்மா மறுமுனையில் அழ ஆரம்பித்து, நாங்கள் நாலு பேர் போனை வாங்கிச் சமாதானம் செய்தோம். நாங்கள் விளையாட்டுக்குச் சொன்னோம். அந்த ஆள் விளையாடவில்லை.

ஒருநாள் மின்சாரம் போய் எல்லோரும் படியில் உட்கார்ந்திருந்தபோது, சும்மா வாயைக் கிளறினேன். "சார், கோர்ட்ல எத்தனை கேஸ் பாத்திருப்பீங்க. கொலைக் கேஸ் எல்லாம் எப்படி நடக்கும்? வக்கீலுங்க மடக்கி மடக்கிக் கேப்பாங்களா?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார்.

"என்ன சார், அங்கயேதான இருந்தீங்க?"

"நான் வெளிய நிக்கறவன். பேரக் கூப்புடுவன், ஆளு உள்ள போவான், கதவு சாத்திக்கும். வெளிய வரும்போது போலீஸ்காரன் கையப் புடிச்சிருந்தான்னா தண்டனை. புடிக்கலன்னா விடுதலை. அவ்ளோதான். நடுவுல அவனுங்க என்னமோ பேசுவாங்க, அது எதுக்கு நமக்கு?"

சொல்லிவிட்டு, வில்லை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். எனக்கு அப்போதுதான் ஆள் முழுசாகப் புரிந்தார். கோர்ட் என்றால் அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம், பெயரும் தண்டனையும். நடுவில் இருக்கிற விசாரணையை அவர் வேலை செய்த காலம் முழுக்க ஒரு கதவு மறைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஆளிடம் ஒரு கட்டடம் நிறையப் பையன்களை ஒப்படைத்திருந்தார்கள்.

இனி முனிராஜ்.

என் ரூம்மேட். காவேரிப்பட்டினம் தாண்டி ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கம்பெனியில் கன்னடம், எல்லாவற்றிலும் மெதுவாகத்தான் பேசுவான். ஐ.டி.ஐ. முடித்து காண்ட்ராக்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வருஷம் கம்பெனி காண்ட்ராக்ட் பையன்களில் சிலரைப் பெர்மனன்ட் ஆக்குவதாக அறிவித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனிக்குள்ளேயே மெஷின் டெஸ்ட். படம் கொடுப்பார்கள், அதைப் பார்த்து மெஷினில் டூலை செட் செய்து, ஒரு பீஸ் ஓட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து காட்ட வேண்டும். எங்கள் லைனில் யாரைக் கேட்டாலும் முனிராஜ் பெயரைத்தான் சொல்வார்கள். அவன் தங்கச்சிக்கு நர்சிங் சீட்டு கிடைத்திருந்தது. இவன் பெர்மனன்ட் ஆனால் அவள் படிப்பாள், ஆகாவிட்டால் அதே காவேரிப்பட்டினத்தில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குப் போவாள். வீட்டில் பேசி முடிவு செய்து வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் ஹாஸ்டல் மோட்டார் எரிந்தது.

கீழ்த்தொட்டியில் தண்ணீர் இல்லாதது தெரியாமல் எவனோ சுவிட்ச்சைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். மோட்டார் வெறுமனே ஓடிக் கருகியிருக்கிறது. வாடை அடித்தவுடன் ஓடிப் போய் அணைத்தவன் முனிராஜ். அணைக்கக் கை வைத்த நேரம் பார்த்து டவாலி வந்து நின்றார்.

"கை எங்க இருந்துச்சு?"

"சுவிட்ச்சுல சார். ஆனா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில். சுவிட்ச்சுலதான இருந்துச்சு?"

"ஆமாங்க சார், ஆனா நான்..."

"முடிஞ்சுது. புது மோட்டார் வர்ற வரைக்கும் கடுங்காவல். தெருக் கொழாய்லருந்து எல்லாருக்கும் தண்ணி நீதான் எடுக்கணும். கார்டு குடு."

கார்டு என்றால் கம்பெனி ஐடி கார்டு. அதுதான் அவருடைய பெரிய ஆயுதம். வேலை நாளில் தண்டனைக்காரன் வேன் ஏறும்போது கையில் கொடுப்பார், இறங்கும்போது வாங்கி பீரோவில் பூட்டிக்கொள்வார். ஷிஃப்ட்டுக்கு இடைஞ்சல் வந்தால் காண்ட்ராக்டர் இவர் தோலை உரித்துவிடுவார், அந்தப் பயம் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வேன் கிடையாது. கார்டும் கிடையாது. கார்டு இல்லாமல் கம்பெனி கேட்டில் காண்ட்ராக்ட் பையனை உள்ளே விட மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை உண்மை வெளியே வந்தது. சுவிட்ச்சைப் போட்டவன் திலீப், பக்கத்து ரூம். போன் பேசிக்கொண்டே போட்டுவிட்டு மறந்திருக்கிறான். முனிராஜ் குடம் குடமாகத் தூக்குவதைப் பார்த்து அவனுக்கே தாங்கவில்லை. நேராகப் போய் டவாலி முன்னால் நின்றான். நானும் கூட நின்றேன்.

"சார், மோட்டார் போட்டது நான். முனிராஜ் அணைக்கத்தான் போனான். அவன விட்ருங்க."

டவாலி அவனை மேலும் கீழும் பார்த்தார். "நெஜமா?"

"நெஜந்தான் சார்."

"சரி. உனக்கும் கடுங்காவல். கார்டு குடு. ரெண்டு பேரும் ஏக காலத்தில் அனுபவிங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கழுத்தைப் பிடிக்கவும் தோன்றியது. "சார், அவந்தான் ஒத்துக்கிட்டானே? அப்பறம் முனிராஜ்க்கு எதுக்கு?"

"அவனுக்குக் குடுத்தாச்சு."

"தப்பான ஆளுக்குக் குடுத்துட்டீங்க சார்!"

"குடுத்தது குடுத்ததுதான். வாசிச்ச தீர்ப்ப எவனாவது திருப்பி வாசிப்பானா?"

காண்ட்ராக்டருக்கு போன் போட்டேன். "வார்டன் சொன்னாச் சரியாத்தாம்பா இருக்கும்" என்று வைத்துவிட்டார். அவருக்கு என்ன? ஒரு பையன் பெர்மனன்ட் ஆனால் அவர் கணக்கில் ஒரு தலை குறையும்.

முனிராஜ், "போனீரா" என்றான். தெலுங்கில் விடுடா, போகட்டும் என்று அர்த்தம். அவனுக்குப் பிடித்த வார்த்தை அது. எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரியும். படித்த திமிர் எனக்கு இருந்தது. போனில் சட்டம் எல்லாம் தேடிப் படித்துவிட்டு சனிக்கிழமை மதியம் டவாலியிடம் போனேன்.

"சார், தண்டனை குடுத்தா அப்பீல் உண்டு. தெரியுமில்ல? கோர்ட்ல இருந்தவரு நீங்க."

கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது அந்த ஆளுக்கு. அப்பீல் என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்றோ. மார்பைத் தடவினார். "உண்டு. சாயங்காலம் கூப்புடறன். ஆஜராகச் சொல்லு. அவன் வாயால கேக்கட்டும்."

நான் ஏதோ கேஸை ஜெயித்துவிட்ட மாதிரி படியேறி ஓடினேன். முனிராஜிடம் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். 'ஆனா' என்று ஆரம்பிக்காதே, 'நாளைக்கு டெஸ்ட், ஒருநாள் மட்டும் நிறுத்தி வைங்க சார்' என்று சொல். அவனும் தலையாட்டினான். ஷேவ் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

சாயங்காலம் மெஸ்காரம்மா வந்து தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை, அடுப்பு பற்றவைக்க முடியாது என்று கத்தினார். தண்ணீர் எடுக்க வேண்டியவன் முனிராஜ். வெள்ளைச் சட்டையோடு குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குழாய்க்குப் போனான்.

அவன் குழாயடியில் இருக்கும்போது டவாலி வாசலில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"முனிராஜ்!"

நான் மாடியிலிருந்து, "சார், தண்ணி எடுக்கப் போயிருக்கான்! நீங்க குடுத்த தண்டனைதான் சார்!" என்று கத்தினேன்.

"முனிரா...ஜ்!"

தெருமுனையில் அவன் தலை தெரிந்தது. இரண்டு கையிலும் குடம். ஓடி வருகிறான். ஓட்டத்தில் தண்ணீர் அலம்பி வெள்ளைச் சட்டை முழுக்க ஈரம். குடத்தைக் கீழே போட்டுவிட்டு வாடா என்று நான் கத்துகிறேன். அவன் போடவில்லை. மெஸ்ஸுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று அவனுக்கு. பெட்டிக்கடைக்காரர்கூட வெளியே வந்து, "வர்றான் சார், வர்றான், கொஞ்சம் இருங்க" என்றார்.

டவாலிக்குக் கண் நன்றாகத் தெரியும். அவனைப் பார்த்துக்கொண்டேதான் மூன்றாவதைக் கூப்பிட்டார்.

"முனிராஜ்."

வெட்டினார். அவன் வாசல்படிக்கு வந்து மூச்சு வாங்கியபோது, "கூப்புட்டன். வரல. தள்ளுபடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டிவியைப் போட்டார்.

மறுநாள் காலையில் அந்த ஆள் இஸ்திரி போட்ட சட்டையில் சர்ச்சுக்குக் கிளம்பினார். வழியை மறித்துக் கடைசியாக ஒரு தடவை கெஞ்சினேன். ஆமாம், நான்தான், கெஞ்சினேன். "சார், டெஸ்ட் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடறோம். அவன் வாழ்க்கை சார்."

"தண்டனைல லீவு கெடையாதுப்பா" என்றார் சாந்தமாக. பீரோ சாவி இடுப்பில் தொங்கியது. சர்ச்சில் போய் முட்டி போட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்ததை எல்லாம் மன்னிக்கச் சொல்லி வேண்டிக்கொள்ளத்தான் போகிறார். அந்த மன்னிப்பு அவருக்கு வாராவாரம் கிடைக்கும்.

கார்டு இல்லாமலேயே கம்பெனிக்குப் போனோம், என் பைக்கில். கேட்டில் கன்னடம் பேசும் ஆனேக்கல்காரர் ஒருவர் செக்யூரிட்டி. முனிராஜை அவருக்கு நன்றாகத் தெரியும், தினமும் பார்க்கிறார். இருந்தும், "கார்டு இல்லாம விட்டா நம்ம கெலசா, வேலையே போயிடும் தம்பி. மேல கேமரா இருக்குது" என்றார். என் சூப்பர்வைசருக்கு போன் அடித்து அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. செக்யூரிட்டி பாவம், உள்ளே இன்டர்காமில் கேட்டார். கார்டு இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. எங்கள் லைன் பையன்கள் ஒவ்வொருவராகக் கார்டைத் தேய்த்துவிட்டு உள்ளே போனார்கள். சிலர் "என்னடா, வரலயா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றோம். உள்ளே லேத் ஓடும் சத்தம் கேட்டது. முனிராஜ் அதையே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில், "ஸ்பீட் ஜாஸ்தி வெச்சிட்டான், டூல் கத்துது" என்றான். அவ்வளவுதான் அன்று அவன் பேசியது.

புதன்கிழமை புது மோட்டார் வந்தது. வியாழன் காலையில் கீழிருந்து மூன்று தடவை குரல். முனிராஜ் போனான். நானும் பின்னாலேயே போனேன். டவாலி கார்டை அவன் கழுத்தில் தன் கையாலேயே மாட்டிவிட்டார், மெடல் போடுகிற மாதிரி. எதிர்க்கடைக்குக் கூட்டிப் போனார். டீ, பன்.

"முடிஞ்சுது. இனிமே நீ சுத்தம். என் மனசுல ஒண்ணும் இல்ல."

குடிக்காதே என்று நான் கண்ணைக் காட்டினேன். முனிராஜ் கிளாஸைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குடித்துவிட்டான். "தேங்க்ஸ் சார்" என்றுகூடச் சொன்னான். பெட்டிக்கடைக்காரர் எங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி பீடிக்கட்டை அடுக்கினார். ரூமுக்கு வந்ததும் நான் அவனைக் கிழித்தேன். "உனக்கு வெக்கமா இல்லயாடா? அந்தாளு குடுத்த டீய எப்படிடா குடிச்ச?" போனீரா என்பான் என்று எதிர்பார்த்தேன். அன்று அதைச் சொல்லவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அடுத்த மாதமே அவன் காண்ட்ராக்டை விட்டுவிட்டு பொம்மசந்திரா பக்கம் வேறு கம்பெனிக்குப் போனான். அங்கேயும் காண்ட்ராக்ட்தான். தங்கச்சி கூழ் ஃபேக்டரிக்குப் போனாள். எனக்கு அப்ரண்டிஸ் முடிந்து அதே ஓசூரில் வேறு இடத்தில் வேலை கிடைத்தது. ஹாஸ்டலைக் காண்ட்ராக்டர் காலி செய்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

போன மாதம் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அந்த ஆளைப் பார்த்தேன். தாடி நரைத்து, தோளில் ஒரு பை. நான் பார்க்காத மாதிரி நகர்ந்தேன். குரல் வந்தது. என் பெயர், மூன்று தடவை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், மூன்றாவது முடிவதற்குள் என் கால் தானாகவே அவர் எதிரில் போய் நின்றுவிட்டது. அதற்கே எனக்கு என்மேல் செம கடுப்பு.

"துண்டுப் பையன் தான நீ?" என்றார் சந்தோஷமாக. அவருக்கு நாங்கள் எல்லாம் இன்னும் குற்றங்கள்தான். "நல்லாருக்கியா? மோட்டார் பையன் எப்படி இருக்கான்?"

"அவன் மோட்டார் பையன் இல்ல சார். மோட்டார் போட்டது திலீப்."

"அது தெரியும்பா" என்றார் சர்வசாதாரணமாக. "அவனே வந்து சொன்னானே. பொய் சொல்ற மூஞ்சி இல்ல அது."

அவர் நம்பவில்லை, அதனால்தான் விடவில்லை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். "தெரிஞ்சுமா சார் அவனப் புடிச்சு வெச்சீங்க?"

"பேரக் கூப்ட்டாச்சேப்பா" என்றார். நான் ஏதோ சின்னப் பிள்ளைத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி சிரித்தார். "வா, ஒரு டீ குடிக்கலாம்."

"இல்ல சார், பஸ் வந்துடுச்சு." பஸ் வரவில்லை. வேறு ஊர் பஸ் ஒன்றில் ஏறி உட்கார்ந்தேன். அவர் கடைப்பக்கம் போவது ஜன்னலில் தெரிந்தது. கை மார்பைத் தடவிக்கொண்டே போயிற்று.

அன்று சாயங்காலம் முனிராஜுக்கு போன் செய்தேன். அவருக்குத் தெரிந்தே இருந்ததுடா என்று சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. கெட்ட வார்த்தை எல்லாம் வந்தது. அவன் பக்கம் மெஷின் சத்தம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"டீ குடிக்கக் கூப்ட்டாரா?"

"கூப்ட்டாருடா."

"குடிச்சியா?"

"இல்ல."

லேத் ஓடிக்கொண்டே இருந்தது.

"டெஸ்ட் கைவிட்டுப் போனதுகூட எனக்கு மறந்துடுச்சுடா" என்றான். "அந்த டீ இன்னும் தொண்டையிலயே நிக்குது."